தாத்தாவின் மைலோ டின்னில் கிடைத்த தீட்டுக்கற்கள்: எது என்ன கல்?

ஒரு தங்கச்சி படம் போட்டுக் கேட்டிருப்பது இதுதான். தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய மைலோ டின்னில் ஐந்து கற்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டு நிறத்தில் செங்கல் மாதிரி ஒன்று, எண்ணெய் ஊறிய பழுப்புக் கல் ஒன்று, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சின்னதாக ஒன்று, வளைந்த சாம்பல் நிறத் துண்டு ஒன்று, மரப்பெட்டிக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று. கூடவே ஒரு பலகை. டின்னின் அடியில் ஏதோ வெள்ளைப் பொடி இருந்ததாம், கழுவிவிட்டாராம். மாமா பார்த்துவிட்டு, "எல்லாம் ஜப்பான் கல், ஆயிரக்கணக்கில் போகும்" என்கிறார். அது உண்மையா, இவற்றில் சமையலறைக் கத்தியைத் தீட்டலாமா, எண்ணெய் விடுவதா தண்ணீர் விடுவதா, பலகையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். விலையைக் கேட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் கடைசியில், "தாத்தா இதையெல்லாம் எதற்கு வைத்திருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் பட்டது. விலையைவிட அதற்குப் பதில் சொல்வது சுலபமும்கூட.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். ரப்பர் தோட்டத்து ஆலையில் இருபத்தாறு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தேன். இப்போது சந்தைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கத்தி, கத்தரிக்கோல், செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் எல்லாம் தீட்டிக் கொடுக்கிறேன். கல்லைப் பற்றிப் பட்டம் வாங்கியவன் இல்லை. கையில் வந்ததைத் தீட்டியும் உடைத்தும் ஏமாந்தும் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் மாமாவின் ஜப்பான் கல்லைப் பார்த்துவிடுவோம். நம் பெரியவர்கள் 1941 கடைசியிலிருந்து 1945 வரை இருந்த ஆக்கிரமிப்பை 'ஜப்பான் காலம்' என்பார்கள். தாத்தா "ஜப்பான் காலத்துக் கல்" என்று சொல்லியிருந்தால், ஒரு தலைமுறை தாண்டும்போது அது "ஜப்பான் கல்" ஆகிவிட அதிக நேரம் ஆகாது. என் மேசைக்கு இப்படி ஒரு 'ஜப்பான் கல்' வந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தபோது ஓரத்தில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று தெரிந்தது. கொண்டுவந்தவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. ஜப்பானில் கியோத்தோ பக்கத்து மலைகளில் வெட்டிய இயற்கைக் கற்களுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை தண்ணீரில் தீட்டும் கற்கள், எண்ணெய் காட்டுவதில்லை. உங்கள் படத்தில் குறைந்தது இரண்டு கற்கள் எண்ணெயில் குளித்திருக்கின்றன. அதை வைத்து முடிவே கட்டிவிட முடியாது, நம் ஆட்கள் எதன்மேலும் எண்ணெய் ஊற்றுவார்கள். ஆனாலும் மாமாவின் கட்சிக்கு அது பலம் இல்லை.

படத்தைப் பார்த்துக் கல்லின் பெயரைச் சொல்பவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. ஐம்பது வருட எண்ணெயும் இரும்புத் தூளும் அப்பிய கல், எந்த நாட்டுக் கல்லாக இருந்தாலும் ஒரே கருப்புதான். அதனால் முதல் வேலை கழுவுவது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம், வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். அதற்கும் அசையாத பிசினுக்கு மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவையுங்கள், ஆனால் அடுப்புப் பக்கம் வேண்டாம். மரப்பெட்டிக் கல்லை மட்டும் ஊறவைக்காதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன். எதையும் கொதிக்கவைக்கவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்டுத் தீட்டிய கல்லில் அந்த எண்ணெய் நாளாக நாளாகக் கெட்டியாகி, அரக்குப் பூசியது போல ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும். அது போகிற வரை கல்லின் நிறத்தை வைத்து எதுவும் பேச முடியாது.

இரண்டு நிறச் செங்கல் கல்லில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு, ஆனாலும் கழுவி உறுதி செய்துகொள்ளுங்கள். அது பெரும்பாலும் கார்போரண்டம், அதாவது சிலிக்கான் கார்பைடு. சொரசொரப்பான பாதியும் மழமழப்பான பாதியும் ஒட்டிய தொழிற்சாலைக் கல். வெயிலில் சாய்த்துப் பாருங்கள், உடைத்த நிலக்கரி மாதிரி ஒரே அளவில் பொடிப்பொடியாக மின்னும். இயற்கைக் கல்லில் இப்படிச் சீரான மினுக்கம் வராது. புள்ளியோ நரம்போ எங்காவது ஓடியிருக்கும். கழுவிக் காய்ந்த பிறகு சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே குடித்துவிடும். இன்றைக்கும் ஹார்ட்வேர் கடையில் 'பத்து ஆசா' (மலாயில் தீட்டுக்கல்) என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் இதன் தம்பியைத்தான். விலை பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்). ஆகவே ஆயிரக்கணக்கில் போகும் என்ற கணக்கிலிருந்து இந்தக் கல்லைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் பெயரில் ஒரு விஷயம் இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சேசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சிச் செயற்கை ரத்தினம் செய்யப் பார்த்தார். வந்தது நீலக் கறுப்பில் மின்னும் ஒரு படிகம். கார்பனும் கொரண்டம் என்ற கனிமமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து, இரண்டு பெயரையும் ஒட்டி கார்போரண்டம் என்று வைத்துவிட்டார். அது தப்புக் கணக்கு, கொரண்டம் அதில் இல்லவே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கொரண்டம் எங்கிருந்து வந்த சொல் என்று பார்த்தால், நம் குருந்தம்தான். சேலம் பக்கத்துக் குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆக ஹார்ட்வேர் கடைச் சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கார்போரண்டம் கேட்கும்போது பாதிச் சொல் தமிழ். பெட்டியில் நயாகரா ஃபால்ஸ் என்று அச்சாகியிருந்தால் கல் 1895-க்குப் பிந்தியது, அந்த வருடம்தான் மலிவான மின்சாரத்தைத் தேடிக் கம்பெனி அங்கே போனது. மெட்ராஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1954-க்குப் பிந்தியது, முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேயக் கம்பெனிகளோடு சேர்ந்து அங்கே கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கிய வருடம் அது. இறக்குமதி செய்த கடையின் சீட்டு ஒட்டியிருந்து அதில் 'மலாயா' என்று மட்டும் இருந்தால், மலேசியா பிறந்த 1963-க்கு முன்னால் அடித்த சீட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சீட்டையும் பெட்டியையும் வைத்துக் காலம் சொல்லலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெட்டியோடு வந்த கல்தானா என்பது வேறு கேள்வி. கல் உடைந்ததும் வேறு கல்லை அதே பெட்டியில் போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பழுப்புக் கல்லில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கழுவியதும் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு வந்து, பூதக்கண்ணாடியில் மணி மணியாக ஒரே சீராகத் தெரிந்தால், அது 'இந்தியாக் கல்' என்ற வகை. மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள், இந்தியாவிலிருந்து வந்த கல் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் நார்ட்டன் கம்பெனி செய்த அலுமினியம் ஆக்ஸைடுக் கல். தொடக்கத்தில் அதற்கான கனிமம் இந்தியாவிலிருந்து போனதால் இந்தப் பெயர் என்பார்கள். குருந்தமும் வேதியியல்படி அலுமினியம் ஆக்ஸைடுதான், ஆகவே பெயர் அவ்வளவு பொய்யும் இல்லை. இந்தக் கல்லுக்குத் தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஊட்டி அனுப்புவார்கள். தண்ணீர் விட்டால் வாழையிலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக நிற்கும். இதற்கு எண்ணெய்தான், அதுவும் தையல் மெஷினுக்கு விடும் மாதிரி மெல்லிய எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

கழுவிய பிறகு மணி தெரியாமல், வெளுத்த மஞ்சளோ பால் வெள்ளையோ கலந்து, அங்கங்கே துருநிற நரம்பு ஓடினால் கதை மாறும். அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்து மலையில் வெட்டிய இயற்கைக் கல்லாக இருக்கலாம், வாஷிட்டா என்ற வகையும் அதில் ஒன்று. கல் சேகரிப்பவர்கள் இதற்கு நல்ல விலை தருவார்கள். இங்கே 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணால் இதைத் தீர்க்க முடியாது, எடை போட்டுப் பாருங்கள்.

கேக் செய்யும் டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தால் போதும். காய்ந்த கல்லின் எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலும் ஓரத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் கல்லின் அடர்த்தி. கல் 410 கிராம், தண்ணீரில் தராசு 164 காட்டுகிறது என்றால், அடர்த்தி 2.5. அர்க்கன்சா கல் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. சிலிக்கா படிகத்தின் அடர்த்தியே 2.65 என்பதால் அந்தக் கல் அதைத் தாண்ட வழியில்லை. உங்கள் கணக்கில் 2.8 வந்தால் அர்க்கன்சா ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். ஆனால் 2.5 வந்துவிட்டதால் அர்க்கன்சா என்று துள்ளவும் வேண்டாம். செயற்கைக் கல்லுக்குள் இருக்கும் காற்றுத் துளைகளும் ஊறிய எண்ணெயும் சேர்ந்து அதையும் அந்த எண்ணுக்கு இழுத்துவிடும். இந்தச் சோதனை 'இல்லை' என்பதை உறுதியாகச் சொல்லும், 'ஆம்' என்பதை அரைகுறையாகத்தான் சொல்லும். ஸ்லேட் வகைக் கற்கள் 2.7, 2.8 அளவில் நிற்கும். ஆணியால் ஓரத்தில் மெல்லக் கீறிப் பாருங்கள். ஸ்லேட்டில் ஆணி கீறல் போடும். அர்க்கன்சாவிலும் செயற்கைக் கல்லிலும் ஆணிதான் தேய்ந்து சாம்பல் கோடு விடும்.

சரி, என் கண் முதலில் போன கல்லுக்கு வருகிறேன். சின்னது, கை விரல் நீளம், ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் மெலிந்து உருண்டு இருக்கிறது. நீங்கள் உடைந்த துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடையவில்லை, அப்படியே செய்தது. ரப்பர் மரத்தைச் சீவும் பால்வெட்டுக் கத்தியைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். நம் பக்கத்து ஜெபோங் கத்தி சமையல் கத்தி மாதிரித் தட்டையானது இல்லை. அலகின் நுனி மடங்கி ஒரு குறுகிய வாய்க்கால் மாதிரி இருக்கும், மரத்தில் வைத்துத் தன் பக்கம் இழுத்து வெட்டுவார்கள். அந்த மடிப்பின் உள்பக்கத்தைத் தட்டைக் கல்லால் தொடவே முடியாது. இந்த மெலிந்த உருண்ட ஓரம்தான் உள்ளே நுழையும். வெளிப்பக்கத்துக்கு இதே கல்லின் தட்டை முகம்.

பால்வெட்டுக் கத்தி மழுங்கினால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையைக் காகிதம் மாதிரி சீவ வேண்டும். பால் வரும் குழாய்கள் பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலோடு நின்றால் பால் குறையும், ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. கங்காணி நிரையை, அதாவது மர வரிசையை, பார்த்துக்கொண்டு வரும்போது முதலில் தேடுவது அந்தக் காயத்தைத்தான். மழுங்கிய கத்தியை அழுத்தி இழுக்கிறவன் கை வழுக்கும், அப்போதுதான் காயம் விழும். அதனால்தான் சாயங்காலம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கல்லில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். விடியும் முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவனுக்குக் காலையில் தீட்ட ஏது நேரம்?

அந்தக் கல்லை விளக்கடியில் வைத்து மெலிந்த ஓரத்தைப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் உள்வாங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா? கத்தியை இடக்கையில் அசையாமல் பிடித்து, வலக்கையால் கல்லை ஓட்டுகிறவனுக்குத் தேய்வு ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரனுக்கு மறுபக்கம். என் மேசைக்கு வந்த ஏழெட்டுக் கற்களில் இதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் ஆதாரம். தாத்தா எந்தக் கைப்பழக்கம் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு கல் அவர் பால் வெட்டியவர், அல்லது பால் வெட்டியவரோடு வாழ்ந்தவர் என்று சொல்கிறது. பாட்டியாகவும் இருக்கலாம், பால் வெட்டியதில் பெண்கள் குறைவில்லை. விலை? ஒன்றும் பெரிதாக இல்லை. இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வளைந்த சாம்பல் துண்டு எனக்குப் பழைய நண்பன் மாதிரி. அது ஆலையில் சுற்றும் சாணைச் சக்கரத்தின் உடைந்த துண்டு. வெளி வளைவின்மேல் ஒரு நூலை வைத்துப் பாருங்கள், சீரான வட்டத்தின் ஒரு பகுதி என்று தெரியும். ஆற்றில் உருண்ட கல்லுக்கு இவ்வளவு ஒழுங்கான வளைவு வராது. சக்கரம் விரிசல் விட்டால் மெஷினில் மாட்டக்கூடாது, சுற்றும்போது சிதறினால் உயிருக்கே ஆபத்து. கழற்றி உடைத்து ஓரமாகப் போடுவோம். போட்ட மறுநாள் அந்த இடத்தில் துண்டு இருக்காது. யார் எடுத்தது என்று நாங்களும் கேட்டதில்லை. நானே எத்தனை பேருக்குக் கை நிறையக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பாராங் என்ற வெட்டுக்கத்தி, மண்வெட்டி, புல்வெட்டும் கத்தி எல்லாம் அதில்தான் கூர் ஏறும். துண்டின் பக்கவாட்டில் அச்செழுத்து மிச்சம் இருந்தால் படித்துப் பாருங்கள். ஏ 60 என்று தொடங்கினால் அலுமினியம் ஆக்ஸைடு, சி என்று தொடங்கினால் சிலிக்கான் கார்பைடு. எண் மணியின் அளவு, எண் கூடக்கூட மணி பொடி. அதற்குப் பின்னால் வரும் எழுத்து, மணிகளைப் பசை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும். ஐந்து கற்களில் இதற்குத்தான் காசு மதிப்பு சுத்தமாகக் கிடையாது. சமையல் கத்தியை இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அலகு ரம்பமாகிவிடும்.

மாமாவின் ஆயிரத்துக்கு ஏதாவது வழி இருந்தால் அது மரப்பெட்டிக்குள்தான். சின்ன அளவு, மஞ்சள் மேல், கறுப்புக் கீழ், பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது எல்லாம் சேர்ந்து சவரக் கத்திக் கல் என்று சொல்கின்றன. இதில் எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் இல்லை. சவரக் கத்திக்கு நேராக்கிய, கீறல் விழாத முகம் வேண்டும். அதனால்தான் மற்ற கற்களோடு உரசாமல் பெட்டி. எந்தக் கல் என்பதில்தான் இரண்டு வழி பிரிகிறது. பெல்ஜியத்தில் வீல்சாம் என்ற ஊர்ப் பக்கம் வெட்டும் கொத்திக்கியூல் என்ற இயற்கைக் கல் இளமஞ்சளாக இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும், வெட்டுவது அவைதான். மஞ்சள் அடுக்கு மெல்லியது, சுலபமாக உடையும். அதனால் கருநீல ஸ்லேட்டோடு சேர்த்தே விற்பார்கள். சிலவற்றில் மலையிலேயே ஒட்டிப் பிறந்த ஸ்லேட், சிலவற்றில் பசை போட்டு ஒட்டியது. இன்னொரு வழி, நாவிதர்களுக்கென்று தொழிற்சாலையில் செய்த செயற்கைக் கல். மாரிபோர் நகரத்து ஸ்வாட்டி கல் அதில் பேர் பெற்றது, பெயரைக் கல்லிலேயே பதித்திருப்பார்கள். மாரிபோர் இன்று ஸ்லோவேனியாவில் இருக்கிறது. கல்லில் யுகோஸ்லாவியா என்று படிக்க முடிந்தால் அந்த நாடு இருந்த காலத்துச் சரக்கு.

பிரித்துப் பார்க்கும் வழி இது. பக்கவாட்டில் மஞ்சளும் கறுப்பும் சந்திக்கும் கோட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு நெளிந்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடினால் இயற்கையின் ஒட்டு. அடிமட்டம் வைத்த மாதிரி நேர்க்கோடாக நடுவே மெல்லிய பசை தெரிந்தால் மனிதன் ஒட்டியது. அது பெல்ஜியக் கல்லாகவும் இருக்கலாம், தொழிற்சாலைக் கல்லாகவும் இருக்கலாம். அடுத்தது, மஞ்சள் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மழமழப்பான சின்னக் கல்லால் மெல்லத் தேய்த்தால் பசும்பால் மாதிரி வெள்ளைக் குழம்பு வரவேண்டும். அடர்த்தியும் உதவும். கார்னெட் கனமான கனிமம், இந்த மஞ்சள் கல் தனியாக இருந்தால் 3-க்குப் பக்கத்தில் வரும். ஸ்லேட்டோடு சேர்ந்திருந்தால் சராசரி கீழே இறங்கும். இந்த மூன்றும் ஒத்துப்போனால் விற்பதற்கு முன் சேகரிப்பாளர் யாரிடமாவது நேரில் காட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் நல்ல நாவிதர் கல் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்துக்கு மேல் எந்தச் சுரங்கம், எந்த வருடம் என்று வெறும் கண்ணால் சொல்பவர் ஊகிக்கிறார்.

ஊறவைக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் என் அனுபவம். பல வருடம் முன்னால் ஒரு நாவிதர் தன் அப்பாவின் கல்லைக் கழுவித் தரச் சொல்லிக் கொடுத்தார். எண்ணெய் போகட்டும் என்று சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தேன். கால் மணி நேரத்தில் மஞ்சள் தனி, கறுப்பு தனி. பழைய பசை வெந்நீரில் இளகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, திரும்ப ஒட்டியிருக்கலாம். பதறிப்போய்ச் சூடாக இருந்த மஞ்சள் பாளத்தை எடுத்து ஈரச் சிமெண்டுத் தரையில் வைத்தேன், குறுக்கே விரிசல் ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சமையலறைக் கத்திக்குச் செங்கல் கல்லின் மழமழப்பான பக்கமும், அதற்குப் பிறகு பழுப்புக் கல்லும் தாராளமாகப் போதும். முதலில் இரும்பு அடிமட்டத்தை முகத்தின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழி, நீளமான பாராங்கைப் பல வருடம் அதில் ஓட்டியிருக்கிறார்கள். குழி விழுந்த முகத்தில் கத்தி நேராகத் தீட்டாது. கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் நனைத்த மணல்தாளைப் பரப்பிக் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். உலரத் தேய்க்கவே கூடாது. கல்தூள் நுரையீரலில் தங்கும், சிலிக்காத் தூள் மிகக் கெட்டது. எந்தக் கல்லாக இருந்தாலும், ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லை எண்ணெயோடே வைத்துக்கொள்வதுதான் நல்லது. தண்ணீருக்கு மாற்றப் போராடினால் பாதி நாள் வீண். பால்வெட்டுக் கல்லையும் பெட்டிக் கல்லையும் மட்டும் சமப்படுத்தாதீர்கள். அந்தத் தேய்வு போய்விட்டால் அவற்றில் படிக்க ஒன்றும் இருக்காது.

கடைசியாக அந்தப் பலகை. தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம், தீட்டுவது கல்லில்தானே, மரம் எங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கத்தியை மரத்தில் தீட்டுவது நம் ஊர்ப் பழைய வழி. வழவழப்பான பலகையின்மேல் வெள்ளைக் கல்லைப் பொடித்துத் தூவி, அதன்மேல் அலகை இழுத்துத் தீட்டுவார்கள். வெட்டுவது பொடி, பலகை அதைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமாகப் பாளை சீவுகிறவர்கள் வைத்திருந்தது இது. பாளையை மெல்லிய வட்டமாகச் சீவினால்தான் கள் சுரக்கும், அதற்கு வேண்டிய கூர் முரட்டுக் கல்லில் வராது. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலத்தில், தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர்களும் இருந்தார்கள். நீங்கள் கழுவிவிட்ட வெள்ளைப் பொடி பெரும்பாலும் அந்தக் கல்பொடிதான், வெண்ணிறக் குவார்ட்ஸ். பலகையைப் படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நடுவில் நீளவாக்கில் தோணி மாதிரி பள்ளம் விழுந்து, அதற்குள் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் இது தீட்டுப்பலகை. கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் வெறும் காய்கறி வெட்டிய பலகை, நான் சொன்னது தப்பு.

தீட்டுப்பலகைதான் என்றால், பால்வெட்டுக் கல்லும் அதுவும் ஒரே டின்னில் எப்படி வந்தன என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். காலையில் நிரை, சாயங்காலம் தென்னை என்று இரண்டு வேலையும் பார்த்தாரா, அல்லது பலகை அவருடைய அப்பா கொண்டுவந்ததா என்பதைக் கல் சொல்லாது. மஞ்சள் கல்லின் பக்கவாட்டுப் படம் ஒன்றும், பலகையின் பள்ளம் தெரிகிற மாதிரி படம் ஒன்றும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். டின்னின் மூடி மடிப்பில் அந்தப் பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.